கொலை என்று பெயரிட்டவர்கள்

வீதியின் சரித்திரம் – 9

அமெரிக்காவின் ஸின்ஸினாட்டி நகரத்து ஜனங்கள், 1923-ஆம் ஆண்டில், தங்கள் ஊர் எல்லைக்குள் எந்த மோட்டாரும் மணிக்கு 25 மைலுக்கு மேல் ஓட முடியாதபடி அதன் யந்திரத்திலேயே ஒரு தடைக் கருவியைப் பொருத்த வேண்டுமென்று 42,000 கையெழுத்துகளோடு மனுச் செய்ததையும், மோட்டார் வியாபாரிகள் ஒன்றுதிரண்டு, பணத்தைத் தண்ணீராக இறைத்துப் பிரசாரம் செய்து, வாக்கெடுப்பில் அந்தக் கோரிக்கையைத் தோற்கடித்ததையும் சென்ற இதழில் பார்த்தோம். அந்தத் தோல்விக்குப் பிறகு அமெரிக்க வீதிகளில் பழைய நியாயம் தலைகீழாயிற்று. குழந்தை மீது வண்டி ஏறினால் வண்டிக்காரனைப் பார்த்து ஊர் கோபித்துக்கொண்ட காலம் போய், குழந்தையைத் தெருவில் விட்ட தாயைப் பார்த்து ஊர் முகம் சுளிக்கும் காலம் வந்தது. மோட்டார் போன தேசங்களுக்கெல்லாம் இந்தப் புதிய நியாயமும் கூடவே போயிற்று.

ஆனால், ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து, ஐரோப்பாவின் வடமேற்கு மூலையில், கடலைத் தள்ளிவிட்டு நிலத்தை மீட்டுக்கொண்ட ஒரு சிறிய தேசத்தின் தாய் தந்தையர், அதே முறையில் தெருவையும் மீட்டுக்கொள்ள முடியும் என்று காட்டினார்கள். அவர்களுடைய கதை இந்த அத்தியாயம்.

சைக்கிள் நாட்டில் மோட்டார் வெள்ளம்

இன்று நெதர்லாந்துக்குப் போய் வருகிற நம்மவர்கள், பாராளுமன்ற அங்கத்தினரும் பால்காரரும் பள்ளிப் பிள்ளையும் ஒருவர் பின் ஒருவராகச் சைக்கிளில் போவதைக் கண்டு வியந்து, பிறகு தாங்களாகவே ஒரு சமாதானமும் சொல்லிக்கொள்வது வழக்கம்: "அது தட்டையான நாடு, குளிர்ந்த நாடு, சிறிய நாடு, அவர்களுக்கு அது பிறவிக் குணம்." இந்தச் சமாதானம் வெகு சௌகரியமானது. ஏனெனில், பிறவிக் குணம் என்று சொல்லிவிட்டால் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றுமில்லாமல் போய்விடுகிறது. ஆனால் 1970-ஆம் ஆண்டில் இதே தட்டையான, குளிர்ந்த, சிறிய நாட்டின் நகரங்களை ஒருவர் சுற்றிப் பார்த்திருந்தால், அவர் கண்ட காட்சி வேறாக இருந்திருக்கும்.

இரண்டாவது மகாயுத்தத்தின் சாம்பலிலிருந்து எழுந்த அந்த நாடு, விரைவிலேயே செல்வத்தில் திளைத்தது. செல்வம் வந்த வீட்டில் மோட்டாரும் வந்தது. 1960-ல் சுமார் ஐந்து லட்சமாக இருந்த மோட்டார்களின் தொகை, பத்தே ஆண்டுகளில் சுமார் இருபத்தைந்து லட்சமாயிற்று. பழைய சந்தைத் திடல்கள் வண்டி நிறுத்துமிடங்களாயின. குதிரை வண்டிக்கென்று கட்டிய குறுகிய தெருக்களில் மோட்டார்கள் இரு மருங்கும் நெருக்கியடித்து நின்றன. ஆம்ஸ்டர்டாம் நகரத்துப் போலீஸ் தலைவர் காஸ்யாகர் என்பவர், உலகமே வந்து பார்க்கும் அந்நகரத்துக் கால்வாய்களில் சிலவற்றைத் தூர்த்துவிட்டால் போக்குவரத்துக்கு நலமாயிருக்கும் என்று 1954-லேயே யோசனை சொன்னார். 1967-ல் ஜோக்கினன் என்ற அமெரிக்க நிபுணர் வகுத்துக் கொடுத்த திட்டமோ அதையும் விஞ்சியது: தொழிலாளர் குடியிருப்பின் ஒரு பகுதியை இடித்து, ஒரு கால்வாயை மூடி, நகரின் நடு மையத்துக்கே அகன்ற மோட்டார் சாலையைக் கொண்டுபோய்விட வேண்டும் என்றது அது. ஆம்ஸ்டர்டாம் மக்கள் செய்த புண்ணியம், இவ்விரண்டும் காகிதத்தோடு நின்றன. யுட்ரெக்ட் நகரத்தார் அவ்வளவு அதிர்ஷ்டசாலிகளல்லர். அவர்களுடைய புராதனமான அகழியின் ஒரு பகுதியை மூடி அதில் மோட்டார் சாலையே போட்டார்கள். அந்த நீர் மறுபடியும் அங்கே முழுமையாகப் பாய்வதற்கு 2020-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இத்தனை வேகத்துக்கும் ஒரு விலை இருந்தது. 1971-ஆம் ஆண்டில், ஒரு கோடியே முப்பது லட்சம் ஜனத்தொகையுள்ள அந்த நாட்டில், வீதிகளில் மட்டும் 3,264 பேர் மாண்டார்கள். நாளொன்றுக்கு ஒன்பது பேர் என்பது கணக்கு. அவர்களில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். ஒரு தொற்று நோய் வந்து ஒரே ஆண்டில் நானூறு குழந்தைகளைக் கொண்டுபோயிருந்தால் மந்திரி சபை ஆட்டம் கண்டிருக்கும். வைத்தியர்கள் வீடு வீடாகப் போயிருப்பார்கள். ஆனால் இந்த நானூறும் ஓரிடத்தில், ஒரு நாளில், ஒரு காரணத்தால் நிகழாமல், இங்கே ஒன்று, அங்கே ஒன்று எனத் தினந்தோறும் நிகழ்ந்தபடியால், பத்திரிகையின் உட்பக்கத்தில் இரண்டு வரிச் செய்தியாக வந்து மறைந்தன. முன்னேற்றம் என்ற தெய்வம் கேட்கும் காணிக்கை என்று தேசம் அதைச் சகித்துக்கொண்டது.

ஒரு தகப்பன் எழுதிய கட்டுரை

தெற்கே, வட பிராபன்ட் மாகாணத்தில், ஹெல்வோர்ட் என்றொரு கிராமம். 1971-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுப் போனவள், வேகமாக வந்த ஒரு மோட்டாரில் அடிபட்டு மாண்டாள். அந்த ஆண்டின் நானூற்றுச் சொச்சத்தில் அவளும் ஒருத்தி. அவளுடைய தந்தை விக் லாங்கன்ஹோஃப் 'டெ டைட்' என்ற கத்தோலிக்கத் தினசரியில் எழுதிவந்த பத்திரிகையாளர். 'டெ டைட்' என்றால் 'காலம்' என்று பொருள். காலம் எந்தப் புண்ணையும் ஆற்றிவிடும் என்று நாம் சொல்லுவோம். லாங்கன்ஹோஃபுக்குக் காலம் செய்தது வேறு. மறு ஆண்டிலேயே அவருடைய இன்னொரு குழந்தையும் வீதியில் அடிபட்டது. நல்லவேளையாக உயிர் தப்பியது.

1972-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் தேதி, அதே பத்திரிகையில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். அதன் தலைப்பு மூன்றே சொற்கள்: "ஸ்டாப் டெ கின்டர்மோர்ட்". குழந்தைக் கொலையை நிறுத்துங்கள் என்பது அதன் பொருள். தினசரி நிகழும் இந்தச் சாவை ஜனங்கள் மரத்துப்போன மனத்தோடு ஏற்றுக்கொள்வதைக் கண்டித்து, பெற்றோர்கள் ஒன்றுகூடி, சர்க்காரை நிர்ப்பந்திக்கும் ஓர் அமைப்பாகத் திரள வேண்டும் என்று அவர் அதில் அழைப்பு விடுத்தார்.

அந்தத் தலைப்பின் வலிமையை நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். விவிலிய நூலில், ஏரோது மன்னன் பெத்லகேமிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இருந்த இரண்டு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகளையெல்லாம் வெட்டச் செய்த கதை வருகிறது. நம் நாட்டுக் கத்தோலிக்கரும் டிசம்பர் 28-ஆம் தேதியை மாசில்லாக் குழந்தைகள் திருநாளாகக் கொண்டாடுகிறார்கள். டச்சு பாஷையில் அந்தச் சம்பவத்துக்குப் பெயரே 'பெத்லகேமின் கின்டர்மோர்ட்' என்பதுதான். ஆகவே, கத்தோலிக்கக் குடும்பமொன்றில் காலைக் காப்பியோடு அந்தத் தலைப்பைப் படித்தவருக்கு, மோட்டார் செய்தி ஒன்றைப் படிப்பதாகத் தோன்றியிராது. ஏரோதின் வாள் தம் வீட்டு வாசலிலேயே நிற்பதாகத் தோன்றியிருக்கும். அதுவரையில் அந்தச் சாவுகளுக்கு வழங்கிவந்த சொல் 'விபத்து' என்பதுதான். விபத்து என்று சொல்லும்போது செய்தவன் என்று ஒருவன் இல்லை. இடி விழுந்தது, மரம் சாய்ந்தது என்பதைப் போல அது தானே வருவது. அதற்கு நஷ்ட ஈடு கேட்கலாம், இறந்தவருக்காக அழலாம், அவ்வளவுதான். கொலை என்று சொல்லிவிட்டாலோ, செய்தவன் யார், செய்ய விட்டவன் யார், தடுத்திருக்க வேண்டியவன் யார் என்ற மூன்று கேள்விகளும் வரிசையாக எழுந்து நிற்கின்றன. அந்த அளவுக்குக் கடுமையான சொல்லை ஒரு தேசத்தின் முகத்தில் வீசுகிற உரிமை, பிள்ளையைப் பறிகொடுத்த ஒருவருக்குத்தான் இருந்தது.

தெருவில் போட்ட விருந்து

கட்டுரைகளின் ஆயுள் ஒரு நாள். மறுநாள் அவை மளிகைக்கடைக்குப் போகின்றன. லாங்கன்ஹோஃபின் கட்டுரைக்கு அந்தக் கதி நேரவில்லை. ஐந்தோவன் நகரத்தில் ஏற்கெனவே இந்தக் கவலையில் ஆழ்ந்திருந்த சிலர் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். 1973-ல் கட்டுரையின் தலைப்பையே பெயராகக் கொண்டு ஒரு ஸ்தாபனம் உருவாயிற்று. ஆம்ஸ்டர்டாமிலிருந்த மார்ட்யெ ஃபான் புட்டன் என்ற இளம் பெண்மணி அதன் முதல் தலைவியானார்; பிற்காலத்தில் ஐரோப்பியப் பாராளுமன்ற அங்கத்தினராகப் பத்து ஆண்டுகள் பணியாற்றியவர் அவரே. அப்போது அவர் கைக்குழந்தைக்காரி; தாம் வசித்த தெருவில் மோட்டார்கள் பாய்ந்து செல்வதைப் பார்த்துப் பார்த்து வயிறு கலங்கியவர்.

நாடு முழுவதும் கிளைகள் தோன்றின. அவர்கள் செய்த காரியங்களைக் கேட்டால், இவ்வளவுதானா என்று தோன்றும். எந்தத் திருப்பத்தில் வண்டிகள் அடிக்கடி மோதுகின்றனவோ, அந்தத் திருப்பத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டார்கள். ஒரு தெருவை ஒரு நாளைக்கு மூடி, பிள்ளைகளை விளையாட விட்டார்கள். நடுத்தெருவில் மேஜைகளை வரிசையாகப் போட்டு, தெருவார் அனைவரும் கூடி விருந்து சாப்பிட்டார்கள். அந்தச் சமயத்தில் போலீஸார் தடியோடு வராமல் ஒத்தாசையோடு வந்தார்கள் என்பதை ஃபான் புட்டன் பின்னாளில் சிரிப்போடு நினைவுகூர்ந்திருக்கிறார். குழந்தைகளையும் சைக்கிள்களையும் திரட்டிக்கொண்டு பிரதம மந்திரி யோப் டென் அவுலின் வீட்டு வாசலுக்கே போய், பாட்டுப் பாடி, குழந்தைகளுக்கு அபாயமில்லாத தெருவைக் கேட்டார்கள். பிரதம மந்திரியும் வெளியே வந்து நின்று காது கொடுத்துக் கேட்டார்.

குழந்தைகள் பிறர் கைப்பிடித்துப் போனதோடு நிற்கவில்லை. ஆம்ஸ்டர்டாமில் 'டெ பைப்' என்றொரு பேட்டை உண்டு. முன்னே சொன்ன ஜோக்கினன் இடிக்கச் சொன்ன தொழிலாளர் குடியிருப்பு அதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெருக்கமாகக் கட்டிய நான்கு மாடி வீடுகள், மரம் அருமை, விளையாட இடமென்று ஒன்று கிடையாது. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த தெருவோ இருபுறமும் நின்ற மோட்டார்களால் ஒரு சந்தாகச் சுருங்கிப்போயிருந்தது. அந்தப் பேட்டைப் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் தெருவைக் கேட்டுப் புறப்பட்ட கதையை 1972-ல் டச்சு டெலிவிஷன் படமாக எடுத்துக் காட்டியது. பிள்ளைகள் வீடு வீடாகப் படியேறிக் கையெழுத்து வாங்குகிறார்கள். பிறகு ஒரு நாள் தெருவுக்குக் குறுக்கே தடுப்புகளை வைத்து மறிக்கிறார்கள். மோட்டாரில் வந்த மனிதர் ஒருவர் ஆத்திரத்தோடு தடுப்பைப் பிடித்து ஒதுக்குகிறார். பெரியவர்களுக்குள் கைகலப்பு வரும்போலிருக்கிறது. பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்கிறார்கள். அந்த ஒரு காட்சியில் முழு வழக்கும் அடங்கியிருக்கிறது. அந்த மனிதர் கொடியவரல்லர். தம் வழியில் போக வேண்டும் என்பதைத் தவிர அவர் வேறொன்றும் கேட்கவில்லை. பிள்ளைகளும் தங்கள் வாசலில் விளையாட வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. இருவரும் கேட்டது ஒரே பன்னிரண்டு அடி நிலம். அதுவரையில், இப்படிப்பட்ட வழக்கில் வலியவர் பக்கமே தீர்ப்பு, விசாரணையில்லாமலே, ஆகிவந்தது. இப்போதுதான் விசாரணை ஆரம்பமாயிற்று.

சர்க்கார் இவர்களை விரோதிகளாக நடத்தியிருந்தால் இந்தக் கதை வேறு விதமாக முடிந்திருக்கும். அதற்குப் பதிலாக, ஸ்தாபனத்துக்கு மானியம் கொடுத்தது. முன்பு கடையாக இருந்த ஒரு கட்டடத்தில் தலைமை அலுவலகம் அமைந்தது. கண்ணீரோடு வந்தவர்கள் மெல்ல மெல்லத் தெருவின் படத்தைப் படிக்கவும், பொறியாளர்களோடு வாதாடவும் கற்றுக்கொண்டார்கள். "எங்களைக் காப்பாற்றுங்கள்" என்ற கூக்குரல், "இந்தத் திருப்பத்தை இப்படிக் குறுக்குங்கள், இந்த வேகத்தை இவ்வளவாகக் குறையுங்கள்" என்ற கோரிக்கையாக மாறியது. ஸின்ஸினாட்டி மக்களுக்கும் இவர்களுக்கும் உள்ள பெரிய வேற்றுமை இதுவே. அவர்கள் ஒரே ஒரு கோரிக்கையை ஒரே ஒரு வாக்கெடுப்பில் பணயம் வைத்தார்கள். இவர்களோ தெருத் தெருவாக, திருப்பம் திருப்பமாகக் கேட்டார்கள். ஓரிடத்தில் தோற்றால் அடுத்த இடத்துக்குப் போனார்கள்.

டெல்ஃப்ட் நகரத்து முற்றம்

கேட்பவர்களுக்குக் காட்ட ஒரு மாதிரி வேண்டுமே? அந்த மாதிரி டெல்ஃப்ட் என்ற பழைய நகரத்தில் ஏற்கெனவே தயாராகிக்கொண்டிருந்தது. 1960-களின் பிற்பகுதியிலிருந்து அந்நகரசபையின் பொறியாளர் யோஸ்ட் வால் என்பவர், ஏழை எளியவர்கள் வசித்த சில தெருக்களில், குடியிருப்போரின் சம்மதத்தோடு, விசித்திரமான பரிசோதனைகளைச் செய்துவந்தார். நேரான தெருவை வளைத்தார், வளைவில் மரம் நட்டார், மேடு ஒன்றை எழுப்பினார், ஆசனம் போட்டார். சாலையை எவ்வளவு நேராக, வழுவழுப்பாக, அகலமாகப் போடுகிறாயோ அவ்வளவு நல்ல பொறியாளன் நீ என்று கல்லூரியில் படித்துவந்த காலத்தில், ஒருவர் வேண்டுமென்றே சாலையைக் கோணலாக்கினார் என்றால் அதற்கு எத்தனை துணிச்சல் வேண்டும்!

இப்படி அமைந்த தெருவுக்கு 'வோன்எர்ஃப்' என்று பெயர். பேராசிரியர் நீக் டெ பூர் வழங்கிய சொல் அது. வோன் என்றால் குடியிருத்தல்; எர்ஃப் என்றால் முற்றம். குடியிருப்பு முற்றம் என்று நாம் சொல்லலாம். அதற்குள் நடைபாதை வேறு, வண்டிப்பாதை வேறு என்ற பேதமில்லை; நடுவில் உயர்ந்த கரை இல்லை; சுவர் முதல் சுவர் வரை ஒரே தளம். அந்த முழு அகலத்திலும் நடக்கலாம், பிள்ளைகள் விளையாடலாம். மோட்டாருக்குத் தடையில்லை, ஆனால் அது விருந்தாளியைப் போல வரவேண்டும், மனிதன் நடக்கிற வேகத்தில் ஊர்ந்து வரவேண்டும், குறித்த இடத்தில் மட்டும் நிற்க வேண்டும். 'மெதுவாகப் போ' என்று பலகை எழுதி வைத்தால் கேட்பவன் கேட்பான், கேட்காதவன் கேட்கமாட்டான். பத்தடிக்கு ஒரு வளைவும் வளைவில் ஒரு மரமும் இருந்தாலோ யாராயிருந்தாலும் மெதுவாகத்தான் போக வேண்டும். வாயால் சொல்வதைத் தெருவின் வடிவமே சொல்லும்படி செய்ததுதான் டெல்ஃப்ட் கண்டுபிடித்த ரகசியம்.

பெற்றோர்களின் ஸ்தாபனம் அதை ஊர் ஊராகக் கொண்டுபோயிற்று. சட்டத்துக்குப் புறம்பாகப் பிறந்த அந்த முற்றத்துக்கு, 1976-ஆம் ஆண்டு செப்டம்பரில் நெதர்லாந்து சர்க்கார் சட்ட அந்தஸ்து கொடுத்தது. வீடும் பிள்ளையும் பந்தும் தீட்டிய நீல நிறப் பலகை ஒன்று தெரு முனைகளில் தோன்றியது.

எண்ணெய் கொடுத்த ஞாயிறுகள்

சரித்திரத்தில் மனிதப் பிரயத்தனத்துக்கு உள்ள இடத்தைச் சொல்லும்போது, சந்தர்ப்பத்துக்கு உள்ள இடத்தை மறைத்தல் நேர்மையாகாது. 1973 அக்டோபரில் மேற்காசியாவில் மூண்ட யுத்தத்தை ஒட்டி, அரபு நாடுகள் நெதர்லாந்துக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. எண்ணெயை மிச்சம் பிடிப்பதற்காக, நவம்பர் 4 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் ஓட்டலாகாது என்று சர்க்கார் உத்தரவு போட்டது. அடுத்த ஜனவரித் தொடக்கம் வரை அது நீடித்தது. அந்த ஞாயிறுகளில் நெடுஞ்சாலைகளின் மீது பிள்ளைகள் சக்கரக் காலணி கட்டிக்கொண்டு உருண்டார்கள், குடும்பங்கள் உலாப் போயின, எங்கும் சைக்கிள்கள். மோட்டார் இல்லாத தெரு எப்படி இருக்கும் என்று மேடையில் நின்று ஆயிரம் சொற்பொழிவு செய்திருந்தாலும் விளங்காத விஷயம், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஒரு தேசத்துக்கே விளங்கிவிட்டது. டிசம்பர் 1-ஆம் தேதி டெலிவிஷனில் பேசிய பிரதம மந்திரி டென் அவுல், பழைய நிலைமை இனித் திரும்பாது என்று ஜனங்களுக்கு எடுத்துரைத்தார்.

பழைய நிலைமை திரும்பத்தான் செய்தது. எண்ணெய் வந்தது, மோட்டார்களும் வந்தன. ஆனால் இடைப்பட்ட ஓரிரு ஆண்டுகளில் சட்டங்கள் முந்திக்கொண்டன. 1974-ல் நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர், ஊருக்கு வெளியேயுள்ள மற்றச் சாலைகளில் 80 கிலோமீட்டர் என்று வேகத்துக்கு வரம்பு கட்டினார்கள். அதே ஆண்டு நவம்பரில், குடித்துவிட்டு ஓட்டுவோரை ரத்தத்திலுள்ள மதுவின் அளவைக் கொண்டே தண்டிக்கும் சட்டம் அமலுக்கு வந்தது. 1975-ல் மொபெட் ஓட்டுவோருக்குத் தலைக்கவசமும், காரின் முன் ஆசனத்தில் அமர்வோருக்கு இருக்கைப் பட்டையும் கட்டாயமாயின. தாய் தந்தையரின் கிளர்ச்சி இல்லாமல் எண்ணெய்ப் பஞ்சம் மாத்திரம் வந்திருந்தால், அது எரிபொருள் பிரச்னையாகவே தீர்ந்திருக்கும்; பஞ்சம் வராமல் கிளர்ச்சி மாத்திரம் நடந்திருந்தால், இத்தனை விரைவில் இத்தனை சட்டங்கள் வந்திரா. கதவு தற்செயலாகத் திறந்தது உண்மையே. திறந்த வேளையில் வாசலில் ஆட்கள் காத்து நின்றார்கள் என்பதும் உண்மை.

பெயருக்காக ஒரு வழக்கு

இந்தச் சமயத்தில் வேடிக்கையான வழக்கு ஒன்றும் நடந்தது. 1883-ல், சைக்கிளோட்டிகளுக்கென்றே 'பொது நெதர்லாந்துச் சைக்கிளோட்டிகள் சங்கம்' தோன்றியது. காலப்போக்கில் அதன் அங்கத்தினர்கள் மோட்டார்க்காரர்களானார்கள். சங்கமும் மோட்டார்ச் சங்கமாயிற்று. பெயர் மட்டும் பழையபடியே நின்றது. ஊசிப்போன பண்டத்தின் மேல் பழைய சீட்டு ஒட்டியிருப்பதைப் பொறாத சிலர், 1975-ல் புதிதாக ஒரு சங்கம் தொடங்கி, அதற்கு 'ஒரே உண்மையான நெதர்லாந்துச் சைக்கிளோட்டிகள் சங்கம்' என்று பெயரிட்டார்கள். பழைய சங்கம் நீதிமன்றத்துக்குப் போயிற்று. புதிய சங்கம் பெயரை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. பெயரில் தோற்றவர்கள் காரியத்தில் தோற்கவில்லை. அபாயமான இடங்களைக் குறித்துக் கொடுப்பதிலும், நகரசபைகளைத் தட்டிக் கேட்பதிலும் அவர்கள் பெற்றோர்களின் வலக்கையானார்கள். ஆம்ஸ்டர்டாமின் மியூசியத் திடலில் ஆயிரக்கணக்கானோர் சைக்கிளோடு திரண்டார்கள். இறந்தவர்களைப் போலச் சைக்கிளோடு தரையில் சாய்ந்து கிடந்தார்கள். 1978-ல் நடந்த பெருங்கூட்டம் அவற்றுள் முக்கியமானது.

சர்க்கார் செலவில் டில்பர்க், ஹேக் ஆகிய இரண்டு நகரங்களில் மாதிரிச் சைக்கிள் சாலைகளையும் போட்டுப் பார்த்தார்கள். ஹேக் நகரத்துக் கடைக்காரர்கள், வாடிக்கைக்காரர்களின் மோட்டாருக்கு இடமில்லாமல் வியாபாரம் படுத்துவிடும் என்று கூச்சலிட்டார்கள். அந்தக் கூச்சல் எந்தத் தேசத்திலும் முதலில் எழுவதுதான். இந்தப் பரிசோதனையில் தெரிந்த உண்மை ஒன்று: ஒரே ஒரு நல்ல சாலை போட்டால் அந்தச் சாலையில் சைக்கிள் பெருகும், ஊரில் பெருகாது. வீட்டு வாசலிலிருந்து பள்ளிக்கூடத்து வாசல் வரை இடையில் ஓரிடத்திலும் அறுபடாத வலையாக அது இருந்தால்தான், தாய் தன் பிள்ளையைத் தனியே அனுப்புவாள். 1980-களில் டெல்ஃப்ட் நகரம் அப்படிப்பட்ட வலையைப் பின்னிக் காட்டியது.

சக்கரமும் கன்றும்

திருவாரூரில் மனுநீதிச் சோழனின் மகன் தேரேறிப் போனபோது, பசுவின் இளங்கன்று சக்கரத்தில் அகப்பட்டு இறந்த கதை நமக்குப் பாலபாடம். கன்று தானே வந்து தேர்க்காலில் புகுந்தது என்றுதான் அமைச்சர் அரசனிடம் தெரிவித்தார். பிராயச்சித்தம் செய்தால் போதும் என்றும் சொன்னார்கள். அரசன் அதை ஏற்கவில்லை. கன்றுக்கு விதியும் சாஸ்திரமும் தெரியாது. துள்ளுவது அதன் இயல்பு. பார்த்துப் போக வேண்டிய பொறுப்பு தேரில் இருப்பவனுடையது என்பது அவன் கண்ட நீதி.

அவன் விதித்த தண்டனையை எந்தத் தேசமும் இன்று விதிக்காது. ஆனால் அவன் கண்ட நீதியின் சாரம், எந்தத் தமிழ் நூலையும் படித்திராத டச்சு நீதிபதிகளின் தீர்ப்பிலும் இருக்கிறது. மோட்டார் ஒன்று நடப்பவரையோ சைக்கிளில் போகிறவரையோ மோதினால், தடுக்கவே முடியாத காரணம் ஒன்று இருந்ததென்று நிரூபித்தாலன்றி, நஷ்டத்துக்கு மோட்டாருக்குரியவரே பொறுப்பு என்பது அந்நாட்டுச் சட்டம். அடிபட்டது பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தையாக இருந்தால், குழந்தை செய்த தவற்றைக் காட்டி நஷ்ட ஈட்டைக் குறைக்கவும் இடமில்லை என்று 1990-களின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. இது சிறைக்கு அனுப்பும் சட்டமன்று. நஷ்டத்தைத் தாங்கும் சட்டம். வலிமை எவனிடம் இருக்கிறதோ, ஜாக்கிரதையும் அவனிடமே இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து.

கணக்கும் தீர்ப்பும்

1980-களின் தொடக்கத்தில், குடியிருப்புப் பகுதிகளில் மணிக்கு 30 கிலோமீட்டர் என்ற வரம்பு சட்டமாயிற்று. முற்றம் அமைக்கப் பணம் போதாத தெருக்களுக்கும் அதனால் விமோசனம் கிடைத்தது. 1992-ல் அந்நாட்டு வீதிப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம், இதுவரை சிதறிக் கிடந்த அனுபவங்களையெல்லாம் ஒரு சித்தாந்தமாகத் தொகுத்தது. மனிதன் தவறு செய்யும் பிராணி. தவறே செய்யாத மனிதனை எதிர்பார்த்துச் சாலை போடாதே. தவறு நேர்ந்தாலும் உயிர் போகாதபடி சாலை போடு. கனத்த வண்டியும் வெறும் உடம்பும் ஒரே இடத்தில் புழங்க வேண்டியிருந்தால் வேகத்தைக் குறை; வேகத்தைக் குறைக்க முடியாவிட்டால் இரண்டையும் பிரித்து வை. 1997 முதல் நாடெங்கும் இந்த முறையில் சாலைகளைத் திருத்தத் தொடங்கினார்கள். ஒரு தகப்பனின் கட்டுரையிலிருந்து பொறியாளரின் விதிப் புத்தகம் வரை வந்து சேர இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின.

பலன் என்ன? 1971-ல் 3,264 ஆக இருந்த சாவு 2013-ல் 570 ஆகக் குறைந்தது. அதற்குள் மோட்டார்கள் பன்மடங்கு பெருகியிருந்தன என்பதை வாசகர்கள் மறக்கலாகாது. நானூறைத் தாண்டியிருந்த குழந்தைச் சாவு, 2010-ல் 14. வெற்றியின் உச்சத்தில் நின்று கண்ணை மூடிக்கொள்ளவும் இடமில்லை. 2022-ல் மொத்தச் சாவு மறுபடியும் 745 ஆக ஏறிற்று. அவர்களில் 291 பேர் சைக்கிளில் சென்றவர்கள். அவர்களிலும் பெரும்பகுதியினர் முதியவர்கள். எழுபதைக் கடந்தும் மின்சாரச் சைக்கிளில் ஏறிச் செல்லும் புதிய தலைமுறைக் கிழவர்களுக்கும் கிழவிகளுக்கும் ஏற்றபடி தெருவை இன்னொரு முறை திருத்த வேண்டிய வேலை அந்நாட்டுக்கு மிச்சமிருக்கிறது.

இந்தச் சரித்திரத்தைப் படித்துவிட்டு, டச்சுக்காரர்கள் நம்மைவிட நல்லவர்கள் என்று முடிவு செய்தால் அது தவறு. அவர்களும் கால்வாயைத் தூர்க்க நினைத்தவர்கள். குடியிருப்பை இடிக்கத் திட்டம் போட்டவர்கள். நானூறு பிள்ளைகளின் சாவை ஒரு காலத்தில் பத்திரிகையின் உட்பக்கத்தில் படித்துவிட்டு மறந்தவர்கள். அவர்கள் செய்த விசேஷமான காரியம் ஒன்றே ஒன்று. வீதியில் நிகழும் சாவு தலைவிதியன்று, யாரோ ஒருவர் எடுத்த முடிவின் பயன் என்று கண்டுகொண்டார்கள்: இந்தத் தெரு இவ்வளவு அகலம், இங்கே இவ்வளவு வேகம், இந்தத் திருப்பம் இப்படி என்று யாரோ ஒருவர் மேஜைக்கு முன் உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறார், அவர் தீர்மானித்ததை அவரைக் கொண்டே மாற்றலாம். விதியிடம் அழத்தான் முடியும், அதிகாரியிடம் கேட்கலாம்.

பெற்றோர்கள் தொடங்கிய அந்த ஸ்தாபனம் பிற்காலத்தில் தன் பெயரை மாற்றிக்கொண்டது. 'குழந்தைகளுக்கு முதலிடம்' என்பது அதன் புதிய பெயர்; 2000-ஆம் ஆண்டில் அது, 1932 முதல் இயங்கிவந்த தேசிய வீதிப் பாதுகாப்புச் சங்கத்தோடு இணைந்துவிட்டது. 'கொலை' என்ற சொல் பெயர்ப் பலகையிலிருந்து மறைந்தது. அந்தச் சொல்லை இறக்கிவைக்கும் உரிமையை அவர்கள் சம்பாதித்திருந்தார்கள். அந்த உரிமையை இன்னும் சம்பாதிக்காத தேசங்களில் வசிக்கும் நாம், பத்திரிகையின் உட்பக்கத்தில் வரும் அந்த இரண்டு வரிச் செய்தியை அடுத்த முறை படிக்கும்போது, எந்த இடம், என்ன வேகம், அதைத் தீர்மானித்தவர் யார் என்று கேட்டுப் பார்ப்போமாக.